ஆவுடையப்பனுக்கு ஒரு போஸ்டர்

ஆவுடையப்பனை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது இதோ, இந்த வாசலில்தான். நீங்கள் செருப்பைக் கழற்றினீர்களே, அந்த இடம். மஸ்கட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். கக்கத்தில் குடை, பக்கத்தில் கல் வெட்டுகிற ஆள் ஒருவர். "நான் போயிட்டு வாறேன்" என்றார். நம் பக்கத்தில் இதற்குப் பதில் சொல்லாமல் யாரும் இருக்கமாட்டார்கள். ஆகாதவனாக இருந்தாலும் "சரி, வாரும்" என்று வாய் தானாகச் சொல்லிவிடும். நான் சொல்லவில்லை. ஒரு கீபோர்டைக் கவிழ்த்துப் போட்டுத் தூசி தட்டிக்கொண்டிருந்தேன். தட்டிக்கொண்டே இருந்தேன். அதற்காக இன்றைக்கு வரை எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்கள் வேறு மாதிரி நினைத்துக்கொள்ளக் கூடாது.

தென்காசியில் உங்கள் தெருக்காரர்களுக்கு இப்படி ஒரு இலவசக் கணினி மையம் ஆரம்பிக்கப் போகிறீர்கள், யோசனை கேட்டு வந்திருக்கிறீர்கள். சந்தோஷம். எத்தனை கம்ப்யூட்டர் வேண்டும், யுபிஎஸ்ஸை எங்கே வைக்க வேண்டும், அதெல்லாம் அப்புறம் சொல்கிறேன். அது சின்ன விஷயம். முதலில் கல்வெட்டு. திறப்பு விழாவுக்கு முந்தின நாள் போய், துணியை விலக்கி, கல்லில் என்ன வெட்டியிருக்கிறது என்று உங்கள் கண்ணால் பாருங்கள். நான் பார்க்கவில்லை.

என் மனைவி பாக்கியமணி டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் டீச்சர். நான் டவுன் பஸ் கண்டக்டர். இனிமேல் எல்லாம் கம்ப்யூட்டர்தான், இந்தக் காலனிப் பிள்ளைகளுக்கு வெளியே போய் ஃபீஸ் கட்டிப் படிக்க வழியில்லை, நீங்க ரிட்டயர் ஆனதும் சும்மா ஒரு இடம் போட்டுச் சொல்லிக்கொடுப்போம் என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். அதற்குள் படுத்துவிட்டாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி, என் கையை எடுத்துப் போர்வை மேல் வைத்து, எந்த விரலுக்கு எந்த எழுத்து என்று சொல்லிக்கொடுத்தாள். டிக்கெட் கிழித்துப் பழகின விரல். சுண்டுவிரல் தனியாக வளையவே வளையாது. சிரிப்பாள். நான் படித்த கம்ப்யூட்டர் படிப்பு அவ்வளவுதான். மிச்சமெல்லாம் கழற்றிப் பார்த்துக் கெடுத்துத் தெரிந்துகொண்டது.

அவள் போன பிறகு, ஒரு காலேஜில் பழைய கம்ப்யூட்டர்களைக் கழித்துக் கட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய் நின்றேன். சும்மாவே கொடுத்தார்கள். ஒன்றிலிருந்து பிடுங்கி இன்னொன்றில் மாட்டி, சில பெட்டிகளுக்கு உயிர் வந்தது. இந்தக் கட்டடம் அப்போது மூடிக்கிடந்த ரேஷன் கடை. அரசாங்கக் கட்டடம். இதைக் காலனிக்கு வாங்கிக்கொடுத்தவர் ஆவுடையப்பன். அதை நான் இல்லை என்று சொல்லவில்லை. கரண்ட் இழுத்துக் கொடுத்தவரும் அவர்தான். காலையில் போய் ஆபீஸில் உட்கார்ந்தாரானால் காரியம் முடியாமல் எழுந்திருக்கமாட்டார். லோடு ஆட்டோவிலிருந்து மானிட்டர்களை இறக்கினபோதுகூட ஒன்றிரண்டைத் தூக்கினார். சங்கத் தலைவர் என்றால் அதெல்லாம் செய்ய வேண்டியதுதானே.

தாலுகா ஆபீஸில் ரெவின்யூ இன்ஸ்பெக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். எதிர் பிளாக்கில் தனியாக இருந்தார். மனைவி போய் வெகுகாலம். ஒரே மகள் கோமதி, அவர் சம்மதிக்காத ஒரு பையனைக் கட்டிக்கொண்டு மஸ்கட்டுக்குப் போய்விட்டாள். பேச்சுவார்த்தை அற்றுப்போனது. கையெழுத்துப் போடுகிற வேலை போன பிறகும் சட்டைப் பையில் இரண்டு பேனா வைத்திருப்பார். அப்படிப்பட்ட ஆள்.

சங்கக் கூட்டத்தில் நான் கேட்டது ஒன்றே ஒன்று. மையத்துக்கு என் மனைவியின் பெயர் வைக்க வேண்டும். பாக்கியமணி நினைவு இலவசக் கணினி மையம். எல்லார் முன்னாலும் ஆவுடையப்பன் என் தோளில் கை போட்டு, "இதுல கேக்கதுக்கு என்னவே இருக்கு, போட்டுருவோம்" என்றார். நான் நம்பினேன். அவள் போட்டோவுக்கு வாங்கிய மாலையோடு திறப்பு விழாவுக்கு வந்தேன். அதிகாரி யாரும் வர ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் தலைவரே திரையை இழுத்தார்.

நீங்கள் வரும்போது படித்திருப்பீர்கள். இலவசக் கணினி மையம். திறந்து வைத்தவர் திரு. ச. ஆவுடையப்பன், தலைவர், குடியிருப்போர் நலச் சங்கம். அவ்வளவுதான். முடிந்தது.

எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன், பழக்கதோஷம். மாலை கையிலேயே இருந்தது. பக்கத்தில் நின்ற ஒருவர் அதை வாங்கி ஆவுடையப்பன் கழுத்தில் போட்டுவிட்டார். நினைத்துப் பாருங்கள். அவளுக்கு வாங்கின மாலை.

அரசாங்கக் கட்டடத்தில் தனியாள் பெயர் போட ஆபீஸில் ஒத்துக்கொள்ளவில்லை, அப்புறம் பார்த்துக்கிடலாம் என்றார் ஆவுடையப்பன். கல் வெட்டக் கொடுக்கப் போகிற நேரத்தில்தான் சொன்னார்களாம், என்னிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லையாம். அவருக்கா சொல்லத் தெரியவில்லை? ஆபீஸ் ஆபீஸாகப் போய்ப் பேசி ஜெயித்த ஆளுக்கு? சத்தம் போட்டுச் சண்டை பிடிக்கிற ஆள் இல்லை நான். மனசுக்குள் எடுத்து வைத்துக்கொண்டேன்.

சாவியைத் தூக்கிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். எதற்குப் போக வேண்டும்? என் மனைவி விரல் வைத்துக் காட்டின வேலை. தினமும் சாயங்காலம் திறந்தேன். பிள்ளைகள் வந்தார்கள், வீட்டு வேலைக்குப் போகிற பெண்கள் வந்தார்கள், ஆட்டோ ஓட்டுகிறவர்கள் வந்தார்கள். ஆவுடையப்பனும் வந்தார். செருப்பை வெளியே விட வேண்டும் என்று பலகை எழுதி வைத்திருந்தேன். அவர் மட்டும் செருப்போடு உள்ளே வருவார். ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து கம்ப்யூட்டரில் சீட்டு விளையாடுவார். ஸ்பேஸ் பார் ஒட்டிக்கொள்கிற பெட்டியை அவருக்கென்றே ஒதுக்கினேன். அவர் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. விளையாட்டு முடிந்த பிறகும் போகமாட்டார். நான் விளக்கை அணைக்கும்வரை அங்கேயே இருப்பார். வேவு பார்க்க வந்தவர், வேறு எதற்கு?

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. கண்ணீர் அஞ்சலி போஸ்டர்.

நம் ஊரில் சாவு என்றால் போஸ்டர் இல்லாமல் உண்டா? விடிவதற்குள் சுவரெல்லாம் ஒட்டியாக வேண்டும். மேலே கண்ணீர் அஞ்சலி, நடுவில் படம், அடியில் யார் துக்கப்படுகிறார்களோ அவர்கள் பெயர். காலனியில் யார் இறந்தாலும் நம் மையத்தில் இலவசமாகச் செய்துகொடுப்பது என்று ஆரம்பித்திருந்தேன். ஆவுடையப்பன் என்றைக்காவது இறப்பார். அன்றைக்கு அவர் போஸ்டரின் அடியில் துக்கம் தெரிவிப்பது யார்? பாக்கியமணி நினைவு இலவசக் கணினி மையம். ஊர்ச் சுவரெல்லாம் அவள் பெயர். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் இருக்காது. எந்த ஆபீஸிடமும் அனுமதி கேட்க வேண்டாம். எப்படி இருக்கிறது?

உறுப்பினர் அட்டைக்குப் படம் வேண்டும் என்று சொல்லி, மையத்தில் இருந்த கேமராவில் அவரைப் பிடித்தேன். திரையை எட்டிப் பார்த்துக்கொண்டு, வாய் லேசாகத் திறந்து, அசட்டு முகம். அதுதான் வேண்டும் என்று நினைத்தேன். ஆனால் வேலை என்று உட்கார்ந்தால் அரைகுறையாக விட எனக்கு மனசு வராது. முகத்தில் விழுந்த டியூப்லைட் வெளிச்சத்தைக் குறைத்தேன். சட்டைக் காலரை நேராக்கினேன். வாயை மூடக் கற்றுக்கொள்ளவே ஒரு மழைக்காலம் போயிற்று. தலைமுடி, கண்ணுக்குக் கீழே இருந்த பை, பின்னால் ஒரு நீல நிறம். லேயர் என்றால் என்ன, எழுத்துக்கு நிழல் கொடுப்பது எப்படி, எல்லாம் அந்த முகத்தில்தான் படித்தேன். அன்றன்று படித்ததை மறுநாள் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன். என்னிடம் படித்தவர்கள் இன்று எத்தனையோ அச்சகத்தில் இருக்கிறார்கள். எல்லாம் அந்த ஆள் முகத்தில் செய்து பார்த்த வித்தைதான். அவருக்கே தெரியாமல் அந்த விஷயத்தில் மட்டும் பிரயோஜனப்பட்டார்.

படம் எடுத்ததும் கேமராவை மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினேன். ஒரு நாள் சீட்டு விளையாடிக்கொண்டே, திரும்பாமல் கேட்டார்:

"தேவஇரக்கம், இதுல மஸ்கட்டுல இருக்க ஒரு ஆளு மூஞ்சியப் பாக்க முடியுமாமேவே?"

"கேமரா வேணும். இங்க இல்ல."

"அன்னைக்கு என்னையப் படம் பிடிச்சீரே?"

"அது பழுதாயிட்டு."

"சரி" என்றார். சீட்டைத் தொடர்ந்து நகர்த்தினார். யார் முகம் என்று நான் கேட்கவில்லை. எனக்கெதற்கு? அவர் மட்டும் கேட்டவனுக்குக் கேட்டதைக் கொடுத்தாரா?

இனி நடந்ததுதான் விசேஷம். தண்ணீர்த் தொட்டி மோட்டார் போடுகிற சுடலையாண்டி இறந்துபோனார். அவர் மகன் வந்து அழுதான். போஸ்டர் செய்ய உட்கார்ந்தேன். புதிதாக எதற்குச் செய்ய வேண்டும், ஆவுடையப்பன் போஸ்டரைத் திறந்து, படத்தையும் பெயரையும் மாற்றி, வேறு பெயரில் சேமித்துக் கொடுப்பதுதான் என் வழக்கம். ஆவுடையப்பனுடையது 'அஞ்சலி கடைசி'. சுடலையாண்டியுடையது 'அஞ்சலி கடைசி புதுசு'. தெளிவாகத்தானே இருக்கிறது? இரண்டும் ஒரே பென் டிரைவில் போய்விட்டது, அவ்வளவுதான்.

அச்சகத்தில் இருந்தது ரஹ்மத். நம் காலனிப் பெண், என்னிடம் படித்தவள், கல்யாணமாகி மேலப்பாளையம் போய்விட்டாள். ஒட்டுகிற ஆட்கள் இருட்டோடு ஒட்டிவிட்டார்கள். மறுநாள் காலையில் பால் வாங்கப் போனால், டிரான்ஸ்ஃபார்மர் ரூம் சுவர், பால் பூத், பஸ் ஸ்டாப் எல்லா இடத்திலும் ஆவுடையப்பன் சிரிக்கிறார். கண்ணீர் அஞ்சலி. பால் வாங்காமலே வீட்டுக்குத் திரும்பினேன். ரஹ்மத்துக்குப் போன் செய்தால் விசும்புகிறாள். "ரெண்டு ஃபைல் இருந்துச்சு சார். இதுல வேலை ரொம்ப நல்லாருந்துச்சு. சுடலையாண்டி தாத்தாவுது பழசாயிருக்கும்னு நெனச்சேன். அழுதுக்கிட்டேதான் சார் பிரிண்ட் போட்டேன்" என்றாள். படித்த பிள்ளை, ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாம்.

ஆவுடையப்பன் அன்று வழக்கம்போல் தூக்குவாளியோடு இறங்கி வந்தார். பால் பூத்தில் நின்ற ஒரு அம்மாள் அவரைப் பார்த்து வாளியைக் கீழே போட்டுவிட்டாள். மாலை வாங்கிக்கொண்டு வந்த இரண்டு பேர், அதை என்ன செய்வதென்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு, "நல்லாருக்கியளா அண்ணாச்சி" என்று கேட்டார்கள். அவர் போஸ்டர் முன்னால் போய் நின்றார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மேலிருந்து கீழே வரைக்கும் நிதானமாக வாசித்தார். நான் மாடி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி வரியை வாசிப்பதற்காகக் குனிந்தார். அந்த ஒரு நிமிஷத்துக்காக நான் செய்த வேலை எல்லாம் தகும்.

சாயங்காலம் மையத்துக்கு வந்தார். அன்றைக்குச் செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தார். மற்றவர்கள் எல்லாம் திரையைப் பார்க்கிற மாதிரி காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஏன்வே, என்னையச் சாகடிக்க அவ்வளவு அவசரமா உமக்கு?"

"அச்சகத்துல தப்பு பண்ணிட்டாங்க."

"படம் யாரு செஞ்சா?"

"நான்தான்."

"என் கல்யாணத்துலகூட நான் இப்படி இல்ல" என்றார். யாரோ சிரித்துவிட்டார்கள். அவர் சிரிக்கவில்லை. பிறகு, "அடியில உம்ம வீட்டம்மா பேரு போட்டிருக்கீரே, அது யாரு கண்ணுக்குவே தெரியும்? எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கு" என்றார். குத்திக் காட்டுகிறார். செய்வதைச் செய்துவிட்டு எழுத்தின் அளவைப் பற்றி என்னிடமே பேசுகிறார். நான் எழுந்து போய் விளக்கை அணைத்தேன்.

இதோடு முடிந்திருந்தால் கணக்கு நேர். ஆனால் அவருக்கென்று ஒரு அதிர்ஷ்டம் பாருங்கள். ரஹ்மத்தும் கோமதியும் பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பு. போஸ்டரை அச்சடித்த கையோடு இவள் மஸ்கட்டுக்குப் போன் போட்டு அழுதிருக்கிறாள். உங்க அப்பா போயிட்டாங்கடி என்று. தப்பு என்று தெரிந்து திருப்பிச் சொல்வதற்குள் கோமதி விமானம் ஏறிவிட்டாள். வந்து இறங்கி, ஆட்டோவிலிருந்து தலைவிரி கோலமாக ஓடி வந்தவள், மாடிப்படியில் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குப்பை வாளியோடு இறங்குவதைப் பார்த்தாள். பிளாக் முழுக்கக் கேட்கிற மாதிரி அழுதார்கள் இரண்டு பேரும். இத்தனை வருஷம் போன் எடுக்காத மகள். கூடவே ஒரு பேத்தி, அவரைப் போலவே காது.

நான் அவருக்குச் சாவு போஸ்டர் ஒட்டினேன், அவருக்கு மகள் கிடைத்தாள். எனக்கு என்ன கிடைத்தது? அடியில் இருந்த பெயரைச் சாயங்காலத்துக்குள் மாடு தின்றுவிட்டது. மைதாப் பசைக்காகத் தின்னும், பார்த்திருப்பீர்கள். வாய்க்கு எட்டுகிற உயரத்தில்தானே அடி வரி இருக்கிறது.

கோமதி அவரைத் தன்னோடு மஸ்கட்டுக்குக் கூப்பிட்டாள். பாஸ்போர்ட், விசா என்று கொஞ்ச நாள் ஆயிற்று. விண்ணப்பமெல்லாம் இங்கேதான் செய்தார், ஸ்பேஸ் பார் ஒட்டுகிற பெட்டியில். கிளம்புகிற அன்றைக்குத்தான் அந்தக் கல் வெட்டுகிறவரோடு வந்து நின்றார். யாரிடமும் கேட்கவில்லை. கல்வெட்டில் தன் பெயருக்குக் கீழே இருந்த வெற்றிடத்தைக் காட்டி எழுதச் சொல்லியிருக்கிறார். நான் வெளியே வந்து பார்க்கும்போது அந்த ஆள் சிவப்புப் பென்சிலால் 'பாக்கிய' வரைக்கும் வரைந்துவிட்டார்.

"என்ன இது?"

"ஆபீஸ்காரன் எவன் வந்து கேக்கான்னு பாப்போம். நான்தான் ஊருல இருக்கமாட்டேனே" என்றார்.

"உம்ம பேருக்குக் கீழயா?"

"மேல இடம் இல்லவே. கல்லு அவ்வளவுதான்."

"அப்ப வேண்டாம்."

"தேவஇரக்கம்..."

"என் பெண்டாட்டி உமக்குக் கீழ நிக்க வேண்டாம். உளியை எடுத்து உள்ள வைக்கச் சொல்லும்."

அந்த ஆள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். ஆவுடையப்பன் தலையை அசைத்தார். கல் வெட்டுகிறவர் உளியைப் பைக்குள் போட்டார். நான் உள்ளே வந்து கீபோர்டை எடுத்தேன். அப்போதுதான் ஆவுடையப்பன் போயிட்டு வாறேன் என்றது. குடையை ஊன்றிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். என்ன எதிர்பார்த்தாரோ. வெளியே டாக்சிக்காரன் ஹாரன் அடித்தான், போய்விட்டார்.

அங்கேயே இறந்துபோனார். தூக்கத்தில் போய்விட்டாராம். உடம்பை இங்கே கொண்டுவரவில்லை, அங்கேயே எல்லாம் முடித்துவிட்டார்கள். கோமதி மையத்துக்குப் பேசினாள். காலனி ஆட்கள் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும் என்றாள். டிராயரைத் திறந்து கேமராவை எடுத்து மாட்டினேன். நன்றாகத்தான் வேலை செய்தது. அவளுக்குப் பின்னால் சுவரில் என் போஸ்டர் படம் மட்டும் வெட்டி ஃபிரேம் போட்டு மாட்டியிருந்தது. அவரேதான் கொண்டுபோனாராம், எங்க தேவஇரக்கம் செஞ்சதுன்னு வருகிறவர்களிடம் எல்லாம் காட்டுவாராம். தற்பெருமை அந்த ஆளை எங்கே போனாலும் விடவில்லை. "ஊருல ஒட்டணும் மாமா, அதே படம்" என்றாள். சரி என்றேன்.

இந்தத் தடவை நான் ஏமாறவில்லை. மாட்டின் வாய்க்கு எட்டாத இடத்தில் போட்டேன். மேலே கண்ணீர் அஞ்சலி. அதற்கு அடுத்த வரியில், போஸ்டரிலேயே பெரிய எழுத்தில், பாக்கியமணி. அதற்குக் கீழே சின்னதாக, நினைவு இலவசக் கணினி மையம். அதற்கும் கீழேதான் அவர் முகமும் பெயரும். எவ்வளவு பெரிய மனுஷனாக இருந்தாலும் என் மனைவிக்குக் கீழேதான் நிற்க வேண்டும். ரஹ்மத் வாங்கிப் பார்த்துவிட்டு, "சார், இப்படியே போடட்டுமா?" என்று கேட்டாள். இந்தத் தடவை மட்டும் கேட்கிறாள். இப்படியே போடு என்றேன். டிரான்ஸ்ஃபார்மர் ரூம் சுவரில் நானே நின்று ஒட்டினேன். எதிர் பிளாக்கிலிருந்து பார்த்தால் நேராகத் தெரியும்.

மற்ற இடத்தில் ஒட்டினதெல்லாம் மழையில் போயிற்று. டிரான்ஸ்ஃபார்மர் ரூமுக்கு மேலே சிமெண்ட் சன்ஷேடு இருப்பதால் அங்கே மட்டும் மழை படவில்லை. மாடு வந்து எட்டினவரைக்கும் தின்றுவிட்டது, மையம் என்கிற சின்ன வரி, முகம், பெயர், தேதி எல்லாம். நீங்கள் பஸ் ஸ்டாப்புக்கு அந்த வழியாகத்தான் போக வேண்டும். மேல் இரண்டு வரி இன்னும் சுவரில் இருக்கிறது. கண்ணீர் அஞ்சலி. பாக்கியமணி.